வரைபடத்தில் வீடு கடலுக்குள் விழுகிறதா? கரையோர வீடுகளின் பாதிப்பை வரையும்போது வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

மதுரையில் உட்கார்ந்துகொண்டு ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையை வரைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணக்கெடுப்பு முடிந்து வந்த எக்செல் கோப்பைக் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் ஏற்றி, புயலும் கடலேற்றமும் வந்தால் எந்த வீடு முதலில் அடிபடும் என்று வீடுவீடாக நிறம் பூசுவது வேலை. ராமேசுவரம் இங்கிருந்து சுமார் 170 கிலோமீட்டர். திரையில் ஒன்று தப்பாகத் தெரிந்தால் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வர முடியாது. அதனால் கோளாறு திரையில் எப்படித் தெரிகிறதோ அதைப் பிடித்துக்கொண்டே காரணத்துக்குப் போக வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு வேலை. கணக்கெடுக்கப் போனவருக்கு நன்றாக நினைவிருக்கும் ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்து, அதன் எண்ணையும் அடையாளத்தையும் தாளில் எழுதிவையுங்கள். மண்டபத்தில் தென்னந்தோப்பை ஒட்டிய ஓட்டு வீடு, வாசலில் அடிபம்பு, இப்படி. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் அந்த வீடு எங்கே நிற்கிறது, அதற்கு என்ன மதிப்பு வந்திருக்கிறது என்று பாருங்கள். ஆயிரம் வீட்டுச் சராசரியில் ஒளிந்துகொள்ளும் பிழை ஒரு வீட்டில் அகப்பட்டுவிடும்.

புள்ளிகள் வேறெங்கோ போய் விழுகின்றன

எங்கே விழுந்தன என்று பார்த்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கினி வளைகுடாவில் சில புள்ளிகள் கும்பலாக நின்றால் அவை ஆயத்தொலைவு (இடத்தைச் சொல்லும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) பதிவாகாத வீடுகள். வெற்றுக் கட்டத்தை யாரோ பூஜ்யமாக்கிவிட்டார்கள், இரண்டு எண்ணும் பூஜ்யமானால் புள்ளி அங்கேதான் விழும். வரிசையை அழித்துவிடாதீர்கள், எண்ணைக் குறித்துக்கொண்டு மறுபடி போய்ப் பதிந்துவரச் சொல்லுங்கள்.

வடதுருவத்துப் பக்கம் போய்விட்டால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கின்றன. மண்டபம் 9.28 வடக்கு, 79.12 கிழக்கு. இதைத் திருப்பிப் போட்டால் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே பனிக்கடலில் விழும். இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் அங்கிருந்து அறுபது கிலோமீட்டர் போல இருக்கும். ஆனால் நம் வீட்டுக்காரர்கள் அங்கே போக வேண்டியதில்லை. சிஎஸ்வி கோப்பை (எக்செல் அட்டவணையின் வெறும் எழுத்து வடிவம்) ஏற்றும் பெட்டியில் எக்ஸ் என்ற இடத்தில் தீர்க்கரேகையைக் கொடுங்கள், வொய் என்ற இடத்தில் அட்சரேகையைக் கொடுங்கள்.

எல்லாப் புள்ளிகளும் மன்னார் வளைகுடாவுக்குள் பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே தள்ளிப்போய் நிற்கிறதா? பாகை, கலையில் (டிகிரி, நிமிடம்) இருந்த எண்ணை யாரோ தசமம் மாதிரித் தட்டியிருக்கிறார்கள். 9 பாகை 17 கலை என்பது 9.283. அதை 9.17 என்று அடித்தால் வீடு கடலில்தான் நிற்கும். கலையை 60-ஆல் வகுத்துப் பாகையோடு கூட்டுங்கள்.

அடுத்தது யூடிஎம் மண்டலக் குழப்பம். உலகத்தை ஆறு பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து, இடத்தை மீட்டரில் சொல்லும் முறை அது. மதுரைக்காரர்கள் இதில் அடிக்கடி மாட்டுவதற்கு நிலவியலே காரணம். 43-ம் மண்டலத்தையும் 44-ம் மண்டலத்தையும் பிரிக்கும் 78 பாகைக் கோடு திருமங்கலத்துக்கும் மதுரைக்கும் நடுவே ஓடுகிறது. திருமங்கலம், உசிலம்பட்டி, தேனி எல்லாம் 43. மதுரை நகரம், ராமநாதபுரம், ராமேசுவரம் 44. அதே கோடு திருச்செந்தூருக்குத் தெற்கே கடலில் இறங்குகிறது. கன்னியாகுமரி மறுபடி 43. உசிலம்பட்டியில் முன்பு செய்த திட்டக் கோப்பை அப்படியே எடுத்துக் கரையோர வேலைக்குப் பயன்படுத்தினால் 43 ஒட்டிக்கொண்டே வரும். 44-ல் எடுத்த எண்ணுக்கு 43 என்று பெயர் வைத்தால் மண்டபத்து வீடுகள் மினிக்காய்க்கு வடக்கே அரபிக்கடலில் நிற்கும். 43-ல் எடுத்ததற்கு 44 என்று வைத்தால் இலங்கையைத் தாண்டி வங்கக்கடலுக்குப் போய்விடும். ராமநாதபுரம் கரைக்கு ஆயமுறையை (எண்களை எப்படி இடமாகப் படிப்பது என்ற விதி) இபிஎஸ்ஜி 32644, அதாவது 44-ம் மண்டலம், என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சரிசெய்யப் போகும்போதுதான் இன்னொரு கோளாறு முளைக்கும். ஏற்றிய தரவு அடுக்கின் மேல் வலது பொத்தானை அழுத்தி ஆயமுறையை மாற்றினால் எண்கள் மாறாது, பெயர்ப்பலகை மட்டும்தான் மாறும். பெயர் தவறாக இருந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள். எண்களையே மாற்ற வேண்டுமென்றால் ரீபுரொஜெக்ட் லேயர் என்ற கருவி வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்திப் பார்க்கிறவர்களின் கோப்பை அதற்கு மேல் யாராலும் மீட்க முடியாது. மூலக் கோப்பிலிருந்து தொடங்குவதுதான் சுருக்கு வழி.

வீடுகள் சரியான ஊரில்தான் இருக்கின்றன, ஆனால் மொத்தமாக நூறு, இருநூறு மீட்டர் ஒரே திசையில் நகர்ந்திருக்கின்றன என்றால் பின்னணியில் சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய தாள் வரைபடம் இருக்கிறதா என்று பாருங்கள். அவை எவரெஸ்ட் நீள்வட்டம் என்ற, பூமி வடிவத்துக்கான பழைய கணித மாதிரியை அடிப்படையாகக் கொண்டவை. செல்போன் தருவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற இன்றைய மாதிரி. வரைபடத்தை ஏற்றும்போதே அதன் ஆயமுறையைச் சரியாகச் சொன்னால் நகர்வு போய்விடும். பழைய தாளில் கரைக்கோட்டையும் நம்பாதீர்கள். 1964 டிசம்பர் புயலுக்கு முந்தைய தாளில் தனுஷ்கோடிக்கு ரயில் பாதையே இருக்கும்.

முப்பது வீடுகள் ஒரே புள்ளியில் குவிந்திருக்கின்றன

இதற்கு மென்பொருளில் மருந்து கிடையாது. கணக்கெடுக்கப் போனவர் வேப்பமரத்தடியிலோ சர்ச் மண்டபத்திலோ உட்கார்ந்து, ஆட்களை வரவழைத்துக் கேட்டு, அங்கேயே ஜிபிஎஸ் பொத்தானையும் அழுத்தியிருக்கிறார். வெயிலில் அவரையும் குறை சொல்ல முடியாது. பதில்கள் உருப்படியானவை, இடம் மட்டும்தான் போச்சு. வீட்டு எண்ணோடு யாரையாவது தெருவில் நடக்கவிட்டு வாசலில் நின்று பதிந்துவரச் சொல்லுங்கள். செல்போன் ஜிபிஎஸ் நன்றாக இருந்தாலும் ஐந்து மீட்டர் முன்னே பின்னே போகும். குடிசைகள் நெருக்கமாக இருக்கும் குப்பத்தில் அது பக்கத்து வீடு. துல்லிய மதிப்பையும் படிவத்தில் சேமிக்கச் செய்து, பத்து மீட்டருக்கு மேல் இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லலாம்.

செயற்கைக்கோள் படத்திலிருந்து தானாக எடுத்த கட்டட அடுக்கை வைத்து இந்த இடைவெளியை நிரப்பும் ஆசை வரும். கூகுளின் ஓப்பன் பில்டிங்ஸ் நம் பகுதிக்கும் கிடைக்கிறது. ஆனால் மரநிழலில் இருக்கும் ஓலைக் குடிசை அதில் விடுபடலாம். நமக்கு மிகவும் வேண்டிய வீடே அதுதான். மீன் காய வைக்கும் கொட்டகையும் உப்பளத்துச் சாளையும் வீடாகக் கணக்கில் ஏறும். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்நூறு மீட்டர் வட்டம் போட்டால் உலகமே மூடிக்கொள்கிறது

அடுக்கு பாகையில் இருக்கிறது. நீங்கள் கேட்டது 500 பாகை. 32644-க்கு மாற்றிவிட்டு மறுபடி போடுங்கள்.

ஊர்ப் பெயர் அச்சு அசலாக ஒன்றுதான், ஆனால் அட்டவணைகள் சேர மறுக்கின்றன

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களை மட்டும் பிடிக்கும் கோளாறு இது. ஒரு பட்டியலில் தொண்டி, இன்னொன்றிலும் தொண்டி. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. எக்செல்லில் குறிகளை எண்ணும் லென் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள்: ஒன்றில் 6 வரும், மற்றதில் 7. யூனிகோடில் ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் விழும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர் என்எஃப்சி என்ற யூனிகோடு சீராக்கும் முறையில் ஒழுங்குபடுத்திவிடலாம். தெரியாதவர் இரண்டு குறி இருக்கும் இடத்தை நகலெடுத்து, தேடி மாற்றும் பெட்டியில் ஒற்றைக் குறியாக மாற்றலாம். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் அதே வேலையைச் செய்ய மறக்காதீர்கள்.

பெயரே வேறாக இருப்பதும் உண்டு. ராமேஸ்வரம், இராமேசுவரம், இராமேஸ்வரம்; தேவிபட்டினம், தேவிப்பட்டினம். இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்துவதைவிட 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமக் குறியீட்டை வைத்துச் சேர்ப்பது நல்லது. அதிலும் ஒரு பக்கம் எண்ணாகவும் மறுபக்கம் எழுத்தாகவும் இருந்தால் சேராது, இரண்டையும் எழுத்தாக்குங்கள். குறியீடு வருவாய்க் கிராமத்துக்குத்தான் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். மீனவக் குப்பம் பெரும்பாலும் ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் அடங்கிய மூலை. கிராமத்துச் சராசரியைக் குப்பத்து வீட்டின் தலையில் கட்டினால், ஊருக்குள் இருக்கும் மாடி வீடும் அலைவாய்க் குடிசையும் ஒரே நிறத்தில் வரும்.

ஷேப் கோப்பு என்ற பழைய வரைபடத் தரவு வடிவத்தில் சேமித்ததும் தமிழ்ப் புலப் பெயர்கள் (அட்டவணையின் பத்தித் தலைப்புகள்) சிதைகின்றனவா? அந்த வடிவத்தில் புலப் பெயருக்குப் பத்து பைட்டுதான் இடம். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு தின்னும். 'வருமானம்' என்று வைத்தால் 'வரு' வரைக்கும்தான் நிற்கும். ஜியோபேக்கேஜ் என்ற புதிய வடிவத்துக்கு மாறிவிடுங்கள்.

உயரம் நம்ப முடியாதபடி வருகிறது

இதில்தான் அதிகம் நிதானிக்க வேண்டும். கடலேற்றத்தைப் பற்றிய எல்லா முடிவும் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் வித்தியாசத்தில் நிற்கிறது.

முதல் வகை: செல்போன் பதிந்த உயரம் கழித்தல் தொண்ணூற்றுச் சொச்சம் மீட்டர். கருவி கெட்டுப்போகவில்லை. ஜிபிஎஸ் அளப்பது கணிதத்தில் வரைந்த நீள்வட்டத்திலிருந்து. நாம் கேட்பது கடல் மட்டத்திலிருந்து. உலகத்திலேயே புவியீர்ப்பு மட்டம் மிகவும் தாழ்ந்து கிடக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், நூறு மீட்டருக்கு மேல் பள்ளம். அதன் விளிம்பில்தான் நம் கரை இருக்கிறது. அதனால் இரண்டு மட்டத்துக்கும் இடையே இத்தனை வித்தியாசம். சில ஆப்கள் இதைத் திருத்திக் காட்டும், சில காட்டாது. ஒரே கணக்கெடுப்பில் இரண்டு வகைப் போனும் கலந்திருந்தால் பாதி வீடு நிலத்திலும் பாதி வீடு பாதாளத்திலும் இருக்கும். இந்த வித்தியாசத்தைச் சரிசெய்யும் ஜியாய்டு திருத்தம் போட்டாலும் செல்போனின் செங்குத்து அளவு இந்த வேலைக்குப் போதாது. அந்தப் புலத்தை ஒதுக்கிவிடுவதே என் பழக்கம்.

இரண்டாவது வகை ஏமாற்றக்கூடியது: எண் அழகாக வரும், 7 மீட்டர், 8 மீட்டர். நம் அடையாள வீடும் 8 மீட்டரில் பத்திரமாக இருக்கும். ஆனால் போய்வந்தவர், "அலை வந்தா வாசல் நனையுற இடம் சார் அது" என்பார். நீங்கள் பயன்படுத்தியது எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு. 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்தது. அந்த அலை தென்னந்தோப்பிலும் சவுக்குத் தோப்பிலும் பனங்காட்டிலும் தரைவரை முழுதாக இறங்காமல் மட்டைக்குள்ளேயே திரும்பிவிடும். திரையில் இருக்கும் 8 மீட்டரில் பெரும்பகுதி மரம். அதன் விவரக்குறிப்பே செங்குத்துப் பிழையைப் 16 மீட்டருக்குள் என்றுதான் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நன்றாக இருந்தாலும் ஒரு மீட்டர் கடலேற்றத்தை அதை வைத்துப் பேசக் கூடாது. ஒரு கட்டம் 30 மீட்டர், அதற்குள் குப்பத்துத் தெருவே அடங்கிவிடும்.

கோப்பர்னிக்கஸ் உயரத் தரவு இதைவிடப் புதியது. அதிலிருந்து மரத்தையும் கட்டடத்தையும் கழித்துத் தரும் ஃபேப்டெம் கரையோர வேலைக்கு இன்னும் பொருத்தம். இருந்தாலும் வீட்டளவு முடிவுக்கு இரண்டு கேள்விகளைப் படிவத்தில் சேர்ப்பது இவற்றையெல்லாம் விட நல்ல பலன் தரும். பேஸ்மட்டம் தெருவிலிருந்து எத்தனை அடி? கடைசியாகத் தண்ணீர் வந்தபோது சுவரில் எதுவரைக்கும் ஏறியது? கொத்தனாரின் டியூப் மட்டம் ஒன்று இருந்தால் தெருவுக்குத் தெரு உயரத்தையும் ஒப்பிட்டுவிடலாம். செலவு மிகக் குறைவு. செயற்கைக்கோளால் பார்க்க முடியாத அரை அடியை அது காட்டும்.

கடலே தொடாத இடம் நீலமாகிறது, தண்ணீர் நின்ற வீடு பச்சையாக இருக்கிறது

இரண்டு மீட்டருக்குக் கீழே இருப்பதெல்லாம் மூழ்கும் என்று ஒரு கோடு கிழித்தால் உள்நாட்டுக் கண்மாயும் உப்பளப் பாத்தியும் சேர்ந்து நீலமாகும். மணல் தேரி தாண்டிக் கடல் அங்கே வர வழியில்லை. மூழ்கும் பரப்பைப் பல்கோணமாக்கி, கடலைத் தொடும் துண்டுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முகத்துவாரத்தையும் ஓடையையும் பார்த்துவிட்டு வெட்டுங்கள், அவை கடலை உள்ளே கூட்டிவரும் வழிகள்.

இதற்கு நேர்மாறான கோளாறை நிறையப் பேர் கவனிப்பதில்லை. கணக்கெடுப்பில் "வீட்டுக்குள் தண்ணீர் வந்தது" என்று பதில் இருக்கும், வரைபடத்தில் அந்த வீடு பச்சையாக இருக்கும். கடல் பக்கமிருந்து மட்டுமே ஆபத்தைத் தேடினால் இப்படி ஆகும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த வெள்ளம் வானத்திலிருந்தும் நிலத்திலிருந்தும் வந்தது. வைகையும் அப்படித்தான்: மதுரையைத் தாண்டி, ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பி, மிச்சம் பாக் நீரிணைப் பக்கம் கடலுக்குப் போகிறது. மேலே அணை திறந்த நாளில் கீழே கடலும் கொந்தளித்தால் நடுவில் இருக்கும் ஊருக்குத் தண்ணீர் வடிய இடமே இல்லை. ஓடை, கண்மாய்க் கலிங்கு, தாழ்வான சாலை ஆகியவற்றை இன்னொரு அடுக்காகச் சேருங்கள். "தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது?" என்ற கேள்வியையும் படிவத்தில் போடுங்கள்.

புகலிடத் தூரத்திலும் இதே மாதிரி ஒன்று. பாம்பன் தீவின் மேற்குக் கரையில் இருக்கும் வீட்டுக்கு மண்டபத்துப் புகலிடம் நேர்கோட்டில் பக்கம். நடுவே கடல். பாலம் சுற்றிச் சாலைவழி எவ்வளவு என்று அளந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. புயல் காற்றில் பாலத்தைக் கடக்க முடியுமா என்பதையும் யோசித்துவிட்டு அந்தப் புகலிடத்தைக் கணக்கில் சேருங்கள்.

எல்லா வீட்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண்

பாதிப்புக் குறியீடு (வீட்டின் எல்லா விவரத்தையும் சேர்த்துத் தரும் ஒரே மதிப்பெண்) போடும்போது ஒவ்வொரு விவரத்தையும் 0 முதல் 1 வரை சுருக்குவோம். மாத வருமானம் 8,000 முதல் 20,000 வரை இருக்கும் ஊரில் யாரோ ஒரு சைபரைக் கூடுதலாகத் தட்டி 1,20,000 ஆக்கிவிட்டால் என்ன ஆகும்? 20,000 ரூபாய் வீட்டின் மதிப்பு 1-க்குப் பதிலாக 0.107 ஆகிவிடும். மொத்த ஊரும் 0-க்கும் 0.11-க்கும் நடுவே நசுங்கும். புலத்தை வரிசைப்படுத்தி மேலே ஐந்து, கீழே ஐந்து எண்களைப் பாருங்கள், குற்றவாளி அங்கேதான் இருக்கும்.

சில வீடுகள் நிறமே இல்லாமல் போனால் அங்கே ஒரு பதில் காலி. கியூஜிஐஎஸ்-ல் காலியோடு எதைக் கூட்டினாலும் காலிதான். எக்செல்லோ அதே காலியைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு, கேட்காத வீட்டை ஊரிலேயே ஏழையாக்கும். இரண்டு மென்பொருளிலும் பாதிப் பாதிக் கணக்குப் போட்டவர்களுக்கு இரண்டு வியாதியும் வரும். கேட்கவில்லை, சொல்லவில்லை, உண்மையிலேயே இல்லை, இந்த மூன்றுக்கும் படிவத்தில் தனித்தனிக் குறி வேண்டும்.

வசதியான வீடு சிவப்பாகவும் குடிசை பச்சையாகவும் வருகிறது

திசை மாறிவிட்டது. முதியவர் எண்ணிக்கை கூடினால் பாதிப்பு கூடும். சேமிப்பு கூடினால் குறையும். இரண்டாவது வகைக்கு 1-லிருந்து கழிக்க வேண்டும். அடையாள வீட்டை எடுத்துக் கால்குலேட்டரில் கையால் போட்டுப் பாருங்கள், பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கணக்கு சரியாக இருந்தும் முடிவு உறுத்துகிறது என்றால் கேள்வியைப் பாருங்கள். வருமானம் பற்றிய பதில் ஒன்றை அப்படியே தருகிறேன்.

"அக்கா, வீட்டுக்கு மாசம் எவ்வளவு வரும்?"

"எந்த மாசத்தக் கேக்குற தம்பி? வலை ஓடுற மாசமா, கரையில கெடக்குற மாசமா?"

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். அந்த நேரத்தில் கணக்கெடுத்தால் விசைப்படகுக் கூலியின் வீட்டில் பூஜ்யம், நாட்டுப்படகு வீட்டில் நல்ல வருமானம். புரட்டாசியில் போனால் கதையே வேறு. நல்ல மாதம், கெட்ட மாதம் என்று இரண்டு கட்டம் வையுங்கள்.

படகும் அப்படித்தான். ஃபைபர் படகு வைத்திருந்தால் சொத்து என்று மதிப்பெண் கொடுத்து வீட்டைப் பச்சையாக்குவோம். ஆனால் அந்தப் படகு கரையில், முதல் அலைக்கு முன்னால் நிற்கிறது. மீன் வாங்கும் ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கி இறக்கிய படகாக இருந்தால் படகு போனாலும் கடன் நிற்கும். படகை உடைமைக் கணக்கிலிருந்து எடுத்து, காப்பீடு உண்டா, கடன் எவ்வளவு என்று கேட்டுத் தனியே வைக்க வேண்டும். கான்கிரீட் வீடு என்றதும் முழு மதிப்பெண் கொடுப்பதும் இதே தவறுதான். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளில் கம்பி துருப்பிடித்துக் கூரைச் சிமென்ட் பெயர்ந்து விழுவதை நேரில் பார்த்தால் புரியும்.

சராசரிக்கு இன்னொரு குணம் உண்டு. நடக்க முடியாத பாட்டி தனியே இருக்கும் கான்கிரீட் வீடு நடுத்தர மதிப்பெண் வாங்கி மஞ்சளாக நின்றுவிடும். எடையைக் கூட்டிக் குறைத்து அந்த ஒரு வீட்டைச் சிவப்பாக்கப் பார்க்காதீர்கள். தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டிய வீடுகளைக் குறியீட்டில் கரைக்காமல் தனி அடுக்காக வைப்பதே சரி. எச்சரிக்கை வந்த இரவில் ஊர்க்காரருக்கு வேண்டியது அந்த அடுக்குதான், 0.63 என்ற எண்ணை வைத்து யாரும் யாரையும் தூக்கப் போவதில்லை.

எந்த ஊரை வரைந்தாலும் ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு

சமபங்கு வகைப்பாடு போட்டிருக்கிறீர்கள். நாற்பது வீட்டை ஐந்து வகையாக்கினால் எட்டு வீடு சிவப்பாகியே தீரும், ஊர் எவ்வளவு பத்திரமான இடத்தில் இருந்தாலும் சரி. இரண்டு ஊரை ஒப்பிட வேண்டுமானால் இரண்டுக்கும் ஒரே எல்லைகளைக் கையால் கொடுங்கள்.

வரைபடம் தயார், இனி அனுப்பலாம் என்று தோன்றுகிறது

இது கோளாறாகத் திரையில் தெரியாது, அதனால்தான் இங்கே சேர்க்கிறேன். ஜியோபேக்கேஜை அப்படியே அனுப்பினால் வீட்டுத் தலைவர் பெயர், செல்போன் எண், கடன், தனியாக இருக்கும் பெண், படுத்த படுக்கையான முதியவர், எல்லாம் கூடவே போகும். பட்டா இல்லாத வீடு எது என்பதும் போகும். அந்த விவரம் தவறான கையில் கிடைத்தால் புயலுக்கு முன்பே வீடு காலியாகலாம். ஏற்றுமதி செய்யும்போது தேவையான புலங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். பொதுவில் போகும் படத்தில் வீட்டுப் புள்ளிகளை நூறு மீட்டர் கட்டங்களாகத் திரட்டிவிடுங்கள். ஒரு கட்டத்தில் ஓரிரு வீடுகளே இருந்தால் பக்கத்துக் கட்டத்தோடு சேருங்கள். வீடுவாரி அடுக்கு ஊர்க் கமிட்டியிடமும் மீட்புக்குப் போகிறவர்களிடமும் மட்டும் இருக்கட்டும். அனுப்பும் முன் அந்தக் கோப்பை வேறொரு கணினியில் திறந்து, ஏதாவது ஒரு புள்ளியைச் சொடுக்கி, பெட்டியில் என்னென்ன வருகிறது என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.